ஒரே மந்திரத்தில் ஆட்டம் முடிந்துவிட்டால்?

மாணவர்களே, இப்படி ஒரு மாலைப்பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். பள்ளி விடுமுறை. வெளியே ரிங்லெட்டில் மழை பிடித்துக்கொண்டது. நண்பர்கள் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற நால்வரும் கதைக்குள் இருக்கிறார்கள்: ஒருவர் வாள்வீரன், ஒருவர் வில்லாளி, ஒருவர் வைத்தியர், ஒருவர் மந்திரவாதி. மூன்று வாரமாகத் தேடிவந்த டிராகன் இன்று குகைக்குள் அகப்பட்டுவிட்டது. வாள்வீரன் எந்தப் பக்கம் பாய்வது, வில்லாளி எந்தப் பாறைமேல் ஏறுவது என்று எல்லாரும் திட்டம் போடுகிறார்கள். அப்போது மந்திரவாதி ஒரு மந்திரத்தைச் சொல்லிப் பகடையை உருட்டுகிறார். டிராகன் செத்து விழுகிறது. கதை முடிந்தது.

மந்திரவாதிக்கு மகிழ்ச்சி. மற்ற மூவரும் மெதுவாகக் கைப்பேசியை எடுக்கிறார்கள். அடுத்த வாரம் அவர்கள் வருவார்களா?

உலகம் முழுவதும் இத்தகைய விளையாட்டை ஆடுவோர் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கும் சிக்கல் இது. இதற்கும் அறிவியல் பக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? இதன் விடையில் இயற்பியலும் நிகழ்தகவும் சோதனை முறையும் கலந்திருக்கின்றன. மகாபாரதக் கர்ணனும் நம் ஊர் ஆடு புலி ஆட்டமும்கூட இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளையாட்டு எப்படிப்பட்டது?

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, தாம் செய்ய விரும்புவதை வாயால் சொல்வார். அது பலிக்கிறதா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். தாயக்கட்டையும் ஆறுமுகப் பகடையும் நமக்குப் பழக்கம். இவ்விளையாட்டில் 4, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகளும் உண்டு.

கதாபாத்திரங்கள் அனுபவம் பெறப் பெற நிலை உயரும். வாள்வீரனின் வளர்ச்சி படிக்கட்டு ஏறுவது போன்றது. 5ஆம் நிலையில் அவன் தன் முறை வரும்போது இரண்டு முறை வெட்டலாம். 11ஆம் நிலையில் மூன்று முறை, 20ஆம் நிலையில் நான்கு முறை. மந்திரவாதியின் வளர்ச்சி வேறு மாதிரி. அவருடைய மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒவ்வொரு மந்திரத்தின் வலிமையும் கூடுகிறது, ஒரே மந்திரம் தாக்கும் எதிரிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. மூன்றும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. கூட்டலும் பெருக்கலும் ஓட்டப்பந்தயம் ஓடினால் எது முந்தும் என்று உங்களுக்குத் தெரியும்.

திறனும் ஆற்றலும் ஒன்றல்ல

இப்போது இயற்பியலுக்கு வருவோம். ஆற்றல் என்பது மொத்தம் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதைக் காட்டும். திறன் என்பது அந்த வேலை எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதைக் காட்டும். புகைப்படக் கருவியின் மின்வெட்டு விளக்கு கண்ணைக் கூசவைக்கும். ஆனால் நொடிக்குள் அணைந்துவிடும். வீட்டு விளக்கு அவ்வளவு பிரகாசமில்லை. ஆனால் இரவு முழுவதும் எரியும். முன்னதற்குத் திறன் அதிகம். இரவு முடிவில் மொத்த ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் பின்னதுதான் முன்னே நிற்கும்.

மந்திரவாதி மின்வெட்டு விளக்கு. வாள்வீரன் வீட்டு விளக்கு. எண்களைப் போட்டுப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளை எடுத்துக்கொள்கிறேன்.

5ஆம் நிலை வாள்வீரனின் ஒரு வெட்டுக்கு, எட்டுமுகப் பகடையில் விழும் எண்ணோடு 4 சேரும் என்று வைத்துக்கொள்வோம். எட்டுமுகப் பகடையின் சராசரி 4.5. ஆகவே ஒரு வெட்டுக்குச் சராசரி 8.5 சேதம், இரண்டு வெட்டுக்கு 17. ஒரு சண்டை நான்கு சுற்று நீடித்தால் 68.

அதே நிலை மந்திரவாதியிடம் ‘நெருப்புப் பந்து’ என்ற புகழ்பெற்ற மந்திரம் இருக்கும். அதற்கு ஆறுமுகப் பகடை எட்டு உருட்ட வேண்டும். ஒரு பகடையின் சராசரி 3.5, எட்டுக்கு 28. கூட்டமாக நிற்கும் நான்கு எதிரிகள்மீது விழுந்தால் 112. அத்தகைய மந்திரத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 224.

இனி ஒரு வரைபடம் வரையுங்கள். கிடை அச்சில் ஒரு நாளில் நடக்கும் சண்டைகளின் எண்ணிக்கை. செங்குத்து அச்சில் மொத்தச் சேதம். நெருப்புப் பந்தின் கோடு 224இல் படுத்தே கிடக்கும். வாள்வீரனின் கோடு 68, 136, 204, 272 என்று ஏறிக்கொண்டே போகும். நான்காம் சண்டையில் அது நெருப்புப் பந்தைத் தாண்டிவிடுகிறது. ஆறாம் சண்டையில் 408.

இது எளிமைப்படுத்திய கணக்கு. எல்லா வெட்டும் படுவதில்லை. எல்லா எதிரியும் நெருப்பில் முழுதாக மாட்டுவதில்லை. மந்திரவாதியின் சிறு மந்திரங்களையும் சேர்த்தால் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் வலப்பக்கம் தள்ளிப் போகும். ஆனாலும் வரைபடம் சொல்லும் செய்தி மாறாது. ஒரு நாளைக்கு ஒரே சண்டை என்றால் மந்திரவாதிதான் ராஜா. சண்டைகள் தொடர்ந்து வந்தால் நிலைமை சமமாகும்.

அந்த 2014 பதிப்பின் நடத்துநர் கையேடு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள் வரை ஒரு குழு தாங்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஆனால் பல மேசைகளில் ஒரு சண்டை நடக்கும். உடனே எல்லாரும் படுத்து உறங்கிவிடுவார்கள். காலையில் மந்திரம் எல்லாம் நிரம்பிவிடும். பிறகு “இந்த மந்திரம் ரொம்ப பலமானது” என்று குறைப்படுவார்கள். பழுது மந்திரத்திலா, ஆட்டத்தின் வேகத்திலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணைதான் ரிங்லெட் ஏரியை உண்டாக்கியது. அதன் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கவழியாக இறங்கி, கீழே பேராக் பக்கமுள்ள ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. சுழலி எவ்வளவு பெரியது என்பது திறன். ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஆற்றல். மழை பெய்து ஏரி நிரம்பக் காலம் பிடிக்கும். ஏரிக்குள் வண்டல் சேரச் சேர, சுழலி அதேதான் என்றாலும் தேக்கிவைக்கும் நீர் குறைகிறது. மந்திரவாதியின் ஒரு நாள் மந்திர வாய்ப்புகளும் ஓர் ஏரிதான். ஆட்டத்தை நடத்துபவர் எப்போதும் சுழலியைச் சிறிதாக்க வேண்டியதில்லை. மழை எப்போது பெய்யும் என்பதைக் கவனித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

கர்ணன் கையில் இருந்த ஒற்றை ஆயுதம்

இதை நம் முன்னோர் கதையாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். உடம்போடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் இந்திரனுக்குக் கொடுத்துவிட்ட கர்ணன், பதிலுக்குச் சக்தி ஆயுதத்தைப் பெறுகிறான். யார்மீது எறிந்தாலும் தப்ப முடியாது. ஆனால் ஒரே ஒருமுறைதான், ஒரே ஒருவர்மீதுதான் எறியலாம். பிறகு அது இந்திரனிடமே போய்விடும்.

ஓர் ஆட்ட வடிவமைப்பாளரின் கண்ணோடு இதைப் பாருங்கள். அந்த ஆயுதத்தின் பலத்தை யாரும் குறைக்கவில்லை. அதற்கு ஒரு விலை வைத்தார்கள்: கவசமும் குண்டலமும். ஓர் எண்ணிக்கை வைத்தார்கள்: ஒன்று.

கர்ணன் அதை அர்ச்சுனனுக்காகவே காத்துவைத்திருந்தான். பதினான்காம் நாள் போர் இரவிலும் ஓயாமல் தொடர்ந்தபோது, கடோற்கசன் கௌரவர் படையைச் சிதறடித்தான். வேறு வழியில்லாமல் கர்ணன் சக்தி ஆயுதத்தை அவன்மீது எறிந்தான். கடோற்கசன் மாண்டான், அர்ச்சுனன் பிழைத்தான். பெரிய மந்திரத்தைக் கடைசி எதிரிக்காகச் சேமித்து வைத்திருப்பவரை, அதற்கு முன்பே செலவழிக்க வைப்பது. நாம் மேலே வரைந்த வரைபடமும் இதைத்தான் சொன்னது.

பலத்தைக் கட்டும் ஐந்து கயிறுகள்

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளை எழுதியவர்களும் ஒவ்வொரு பதிப்பிலும் இத்தகைய கயிறுகளைத் தேடினார்கள்.

முதல் கயிறு எண்ணிக்கை. மந்திரங்கள் 1 முதல் 9 வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 2014 பதிப்பில் 20ஆம் நிலை மந்திரவாதிக்குக்கூட ஒன்பதாம் தர மந்திரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே வாய்ப்புதான்.

இரண்டாவது விலை. ‘விருப்பம்’ என்ற மந்திரம் ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் நடத்திக் காட்டும். பழைய பதிப்புகளில் அதைச் சொன்னவருக்கு வயது கூடிவிடும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பில் 5,000 அனுபவப் புள்ளிகளை இழக்க வேண்டும். 2014இல் விலை இன்னும் நுட்பமானது: அதை வழக்கத்துக்கு மீறிய ஆசைக்குப் பயன்படுத்தினால், இனி வாழ்நாளில் அந்த மந்திரத்தைச் சொல்லவே முடியாமல் போக 33 விழுக்காடு வாய்ப்பு. இருக்கிறது என்ற நினைப்பே இனிக்கும். கை வைக்கத்தான் பயமாக இருக்கும்.

மூன்றாவது நிச்சயமின்மை. நொடியில் வேறிடம் செல்ல வைக்கும் மந்திரம் ஒன்று உண்டு. இதற்குச் சேதக் கணக்கே கிடையாது. ஆனால் காடு, மலை, ஆறு என்று கதை நடத்துபவர் தயாரித்த பயணம் முழுவதையும் அது விழுங்கிவிடும். ஆகவே நூறு வரை எண்ணும் பகடையை உருட்டச் சொல்கிறார்கள். பிறர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்த இடமானால், சரியாகப் போய்ச் சேர 27 விழுக்காடுதான் வாய்ப்பு. நன்கு பழகிய இடமானால் 76 விழுக்காடு. ஆக, முதலில் நடந்துபோய் இடத்தைப் பழகிக்கொள்வதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

நான்காவது மன ஒருமை. நீண்ட நேரம் நீடிக்கும் பல மந்திரங்களைக் காக்க மனத்தை ஒருமுகப்படுத்தியிருக்க வேண்டும். ஒரே சமயத்தில் அப்படிப்பட்ட மந்திரம் ஒன்றுதான் முடியும். அடி பட்டால் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். தவறினால் மந்திரம் கலைந்துவிடும். இங்கே வாள்வீரனுக்கு ஒரு வேலை பிறக்கிறது: மந்திரவாதிமீது அடி படாமல் தடுத்து நிற்பது.

ஐந்தாவது எதிர்வினை. ஒரு மந்திரத்தைப் பாதியிலேயே முறிக்கும் வேறொரு மந்திரம் உண்டு. மிகப் பெரிய எதிரிகளுக்கு, பகடையில் தோற்றாலும் ‘தப்பித்தேன்’ என்று சொல்லும் உரிமையை ஒரு நாளைக்குச் சில முறை தந்திருக்கிறார்கள். முதல் மந்திரத்திலேயே டிராகன் சாகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கவனித்தீர்களா? நெருப்புப் பந்தின் பகடை எட்டு என்பதை அவர்கள் குறைக்கவில்லை. புதிய மந்திரம் உருவாக்க விரும்புவோருக்கு அதே 2014 கையேடு தரும் அட்டவணையில், பலரைத் தாக்கும் மூன்றாம் தர மந்திரத்துக்கு ஆறு பகடைதான். நெருப்புப் பந்து அந்த அளவைத் தாண்டியே நிற்கிறது. பலமான மந்திரம் ஒன்றிருப்பது தவறில்லை. அதைச் சொல்ல வேண்டிய நேரம் எது என்று யோசிக்க வைத்தால் போதும்.

குறைத்தால் மட்டும் போதுமா?

மூன்றாம் பதிப்பில் ‘வேகம்’ என்று ஒரு மந்திரம் பெரிய தலைவலியாக இருந்தது. அதை ஏவிக்கொண்ட மந்திரவாதி, ஒரு முறைக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக இரண்டு மந்திரங்களைச் சொல்ல முடிந்தது. பலசாலி மேலும் பலசாலியானார். 2003இல் விதியைத் திருத்தியபோது அந்த மந்திரத்தை ஒழித்துவிடவில்லை. கூடுதல் மந்திரம் கிடையாது, கூடுதலாக ஒரு வெட்டு மட்டும் உண்டு என்று மாற்றினார்கள். ஒரே ஏவலில் நண்பர்கள் பலருக்கும் அது கிடைக்கும்படி செய்தார்கள். அதன் பிறகு அந்த மந்திரத்தால் அதிகம் பயன் பெற்றவர் யார்? வாள்வீரன்! மந்திரவாதியின் பலமே நண்பனின் பலமாக மாறிவிட்டது.

2008இல் வந்த நான்காம் பதிப்பு வேறு வழியில் போனது. வாள்வீரன், மந்திரவாதி எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டகம்: எப்போதும் செய்யக்கூடியவை, ஒரு மோதலுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, ஒரு நாளைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை. தராசு நேராக நின்றது. ஆனால் எல்லாக் கதாபாத்திரமும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று ஆட்டக்காரர் பலர் முகம் சுளித்தார்கள். சமநிலை வேறு, ஒரே அச்சில் வார்ப்பது வேறு.

புலிக்கு 3, ஆட்டுக்கு 15

வேறுபட்ட பலங்களைச் சமமாக நிறுத்த முடியுமா? முடியும் என்பதற்கு ஆடு புலி ஆட்டமே சாட்சி. பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டிக் கொல்லும். ஆடு யாரையும் கொல்லாது. கூடி நின்று வழியை அடைக்கும். ஒரு புலியையும் ஓர் ஆட்டையும் ஒப்பிட்டால் இது அநியாயமான ஆட்டம். மூன்றையும் பதினைந்தையும் ஒப்பிட்டால்தான் நியாயம் தெரியும்.

இதன் நேபாளத்து உறவான ‘பாக் சால்’ ஆட்டத்தில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற கணினி அறிவியலாளர் இருவர் இந்த ஆட்டத்தைக் கணினியால் ஆராய்ந்தனர். இரு தரப்பும் பிழையே செய்யாமல் ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றிச் சமனில் முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கணினி இல்லாத காலத்தில், ஆடி ஆடிப் பார்த்தே மக்கள் அவ்வளவு நேர்த்தியான எண்ணிக்கையைப் பிடித்திருக்கிறார்கள்!

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஆடிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், முறையாகச் செய்தால். ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் 15க்குப் பதிலாக 12 ஆனால் என்ன நடக்கும்? முதலில் உங்கள் கருதுகோளை எழுதுங்கள். ஆடுகளின் எண்ணிக்கை தற்சார்பு மாறி. புலி வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை சார்பு மாறி. கட்டம், புலிகளின் எண்ணிக்கை, ஆடுகிற இருவர் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒருவர் கெட்டிக்காரராக இருக்கலாம் அல்லவா? அதனால் ஓர் ஆட்டத்துக்கு ஒருமுறை பக்கம் மாறிக்கொள்ளுங்கள்.

பத்து ஆட்டம் ஆடுகிறீர்கள். சமன் எதுவும் இல்லை. புலி 7, ஆடு 3. புலிக்குத்தான் பலம் அதிகம் என்று உடனே எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் மொத்தம் 1,024 விளைவுகள் உண்டு. அவற்றில் 352 விளைவுகளில் தலையோ பூவோ ஏதாவது ஒரு பக்கம் ஏழு முறையோ அதற்கு மேலோ விழுந்திருக்கும். அதாவது 34 விழுக்காடு. முழுக்க நியாயமான நாணயமே மூன்றில் ஒரு முறை இப்படி ஏமாற்றும். ஆகவே அதிக ஆட்டம் ஆடுங்கள். பிறகு முடிவு சொல்லுங்கள். ஒரே நாளில் ஒரு மந்திரம் வென்றதைப் பார்த்துவிட்டு அதை வெட்டிக் குறைக்கும் நடத்துநரும் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்.

மந்திரத்தைத் திருத்தும்போதும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். பகடையையும் குறைத்து, எண்ணிக்கையையும் குறைத்து, விலையையும் ஏற்றினால் எந்த மாற்றம் வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. மந்திரவாதியாக ஆடும் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றுங்கள். அவர் மூன்று வாரம் உழைத்துப் பெற்ற பலம் அது. சொல்லாமல் பறித்தால் அடுத்த வாரம் வராமல் போவது அவராக இருக்கும்.

அளப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. சேதப் புள்ளிகளை மறந்துவிட்டு, ஒரு தாளில் நால்வர் பெயரையும் எழுதி வையுங்கள். கதையின் போக்கை ஒருவர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். மாலை முடிவில் ஒரே பெயருக்கு எதிரே கோடுகள் குவிந்திருந்தால் ஐந்து கயிறுகளில் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். நான்கு பெயருக்கும் எதிரே கோடுகள் இருந்தால், நெருப்புப் பந்து எத்தனை பகடையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த மேசைக்கு அடுத்த வாரமும் நால்வரும் வருவார்கள்.